கல் விழும் நேரமும் கட்டைவிரலின் தாமதமும்

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் செயலிகள் உண்டு. கல்லைக் கைவிடும்போது திரையைத் தட்ட வேண்டும், ‘தொபுக்’ சத்தம் கேட்டதும் மறுபடி தட்ட வேண்டும். உடனே ‘19.62 மீட்டர்’ என்று வரும். உள்ளே நடப்பது பள்ளிக்கூடக் கணக்குதான். நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமான 9.81-ஆல் பெருக்கி, பாதியாக்க வேண்டும். 2 நொடிக்கு 19.62 மீட்டர்.

அந்த இரண்டு தசம இலக்கங்களை மட்டும் நம்ப வேண்டாம். சத்தம் காதில் விழுந்து விரல் அசைய ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. 2 நொடி 2.2 ஆனால் விடை 23.7 மீட்டர்! நேரத்தை இருமுறை பெருக்குவதால் சின்னப் பிழையும் பெரிதாகிறது. 3 நொடி விழும் ஆழத்தில் அதே தாமதம் 6 மீட்டரைக் கூட்டிவிடும்.

இன்னொரு பிழை ஒலியால் வருவது. சத்தம் மேலே ஏறிவரவும் நேரம் வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் போகும். 20 மீட்டர் ஏறிவர 0.06 நொடிகூட ஆகாது. ஆனாலும் அதைக் கழிக்காவிட்டால் 20 மீட்டர் 21.2 ஆகிவிடும். நல்ல செயலி, விழும் நேரத்தையும் ஒலி ஏறும் நேரத்தையும் ஒரே இருபடிச் சமன்பாட்டில் போட்டு ஆழத்தைப் பிரித்தெடுக்கும். சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78-தானே, 9.81 போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. போடலாம். 20 மீட்டருக்கு ஆறேழு சென்டிமீட்டர்தான் வித்தியாசம், விரல் செய்கிற குளறுபடிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

சரி, விரலை எப்படித் தவிர்ப்பது? ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலியில் அதற்கு வழி இருக்கிறது. போனின் மைக் ஒலியைப் பொதுவாக நொடிக்கு 48,000 முறை அளக்கிறது. முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும் ஒரு கடிகாரத்தை அந்த மைக்கை வைத்தே செய்திருக்கிறார்கள். பலூனில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு ஊசியால் குத்தினால், வெடிச்சத்தம் தொடக்கம், எடை தரையில் மோதும் சத்தம் முடிவு. கிணற்றுக்குள் எதிரொலி வந்து கடிகாரத்தை முன்னதாகவே நிறுத்திவிடலாம். அதனால், தொடங்கியபின் எவ்வளவு நேரத்துக்கு எந்தச் சத்தத்தையும் பொருட்படுத்தக் கூடாது என்று நாமே குறித்துவிடலாம். குடிநீர்க் கிணற்றில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

இதே செயலியில் எனக்குப் பிடித்தது பந்துச் சோதனைதான். பந்தைக் கைவிட்டால் போதும், எந்த உயரத்திலிருந்து விட்டோம் என்பதைச் செயலியே சொல்லும். விட்ட நேரம் அதற்குத் தெரியாது, காதில் விழுவது துள்ளல்களின் ‘டக், டக், டக்’ மட்டும். முதல் இரண்டு சத்தங்களுக்கு இடையே 0.8 நொடி என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி ஏறுவதற்கு, பாதி இறங்குவதற்கு. 0.4 நொடி விழுந்தால் 78 சென்டிமீட்டர், ஆக அதுதான் முதல் துள்ளலின் உயரம். அடுத்த இடைவெளி 0.72 நொடி என்றால் 64 சென்டிமீட்டர். ஒவ்வொரு மோதலுக்கும் பிறகு ஏறத்தாழ 81 சதவீத ஆற்றல்தான் மிஞ்சுகிறது என்று தெரிந்துவிட்டது. முதல் மோதலிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று கொண்டு பின்னோக்கிப் போனால், பந்தை விட்ட உயரம் சுமார் 97 சென்டிமீட்டர். அளவுகோலை வைத்துச் சரிபார்த்தால் அசந்துபோவீர்கள்.

மரத்தின் உயரத்தைச் சொல்லும் செயலிகளில் விஷயம் வேறு. போன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அதற்குள் இருக்கும் முடுக்கமானி என்ற உணரி ஈர்ப்பின் திசையை வைத்து அறியும். முதலில் மரத்தின் அடிப்பாகத்தைக் குறிபார்த்தால், போனின் உயரமும் சாய்வுக் கோணமும் சேர்ந்து தூரத்தைத் தரும். அப்புறம் உச்சியைக் குறிபார்த்தால் மரத்தின் உயரம். செயலி கேட்கும் உயரம் தரையிலிருந்து போன் வரைக்குமானது, பலர் தங்கள் முழு உயரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். தூரத்தில் நின்றாலும் சிக்கல்தான். போன் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க, 5 டிகிரி சாய்வுக்குத் தூரம் 17 மீட்டர், 4 டிகிரிக்கு 21 மீட்டருக்கும் மேல். கை ஒரு டிகிரி ஆடினாலே நான்கு மீட்டர் போய்விடும். மரத்தின் அடி வரை நாடாவால் அளந்து அந்தத் தூரத்தை நாமே கொடுக்க முடிகிற செயலியாக இருந்தால், அப்படியே கொடுத்துவிடுவது நல்லது.