இகுவானாவை ஃபிரீசரில் வைக்கலாமா?

ஃபுளோரிடாவில் வீடு வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தோட்டத்துச் செம்பருத்தியை எல்லாம் பச்சை இகுவானா மேய்ந்துவிடுகிறது. பிடித்து ஃபிரீசரில் வைத்தால் தூக்கத்திலேயே போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?"

கொல்லலாம், ஃபிரீசர் மட்டும் வேண்டாம்.

மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த பெரிய பல்லி இது. தெற்கு ஃபுளோரிடாவில் 1960களிலேயே தென்பட்டது. ஒரு ஈட்டுக்கு எழுபது முட்டைகூட இடும். வளை தோண்டித் தோண்டி கால்வாய்க் கரையையும் கடல் சுவரையும் சரிய வைக்கும். அதனால் சொந்த நிலத்திலோ, உரிமையாளர் அனுமதியோடு பிறர் நிலத்திலோ, வருடம் முழுக்க உரிமம் எதுவும் இல்லாமலே கொல்ல மாநிலம் அனுமதிக்கிறது. ஆனால் பிராணிவதைச் சட்டம் இதற்கும் உண்டு. விஷம் வைக்கக் கூடாது. பிடித்ததை வேறு இடத்தில் கொண்டுபோய் விடவும் கூடாது. 2021 ஏப்ரலில் இது மாநிலத்தின் தடைசெய்யப்பட்ட உயிரினப் பட்டியலில் சேர்ந்துவிட்டதால், உயிரோடு காரில் ஏற்றிப்போகக்கூட அனுமதி வேண்டும்.

சரி, குளிரில் என்ன ஆகிறது? 2020 ஜனவரியில் மயாமி வானிலை அலுவலகம், மரத்திலிருந்து இகுவானாக்கள் விழலாம் என்றே எச்சரித்தது. வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கினால் அதன் தசைகள் இயங்காது, பிடி நழுவிவிடும். விழுந்து கிடப்பதைப் பார்த்தால் செத்தது போலவே இருக்கும். வெயில் ஏறியதும் எழுந்து ஓடும். அசையவில்லை என்பதால் உணரவில்லை என்று ஆகாது. ஃபிரீசரில் திசுக்களுக்குள் பனிப் படிகம் உருவாகும்போது அதற்கு வலிக்குமா என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம், 4 கிராமுக்கும் குறைவான குட்டி உயிர்களை திரவ நைட்ரஜனில் நொடியில் உறைய வைப்பதை மட்டும் ஏற்கிறது. இகுவானாவோ கிலோக் கணக்கில் இருக்கும்.

"தலையை வெட்டிவிட்டால்?" அதுவும் போதாது. காரணம் அதன் மூளை.

நம் மூளைக்கு ரத்தம் நின்றால் பத்துப் பதினைந்து விநாடியில் நினைவு தப்பிவிடும். எந்நேரமும் சூடாக, முழு வேகத்தில் ஓடும் மூளை அது. சேமிப்பு என்று எதுவும் கிடையாது. ஊர்வனவற்றுக்கு அந்த அவசரமே இல்லை. அதே எடையுள்ள பாலூட்டி எரிக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட அவற்றுக்கு வேண்டாம். ஆக்சிஜன் குறைந்தால் அது இல்லாமலே சர்க்கரையை உடைத்துக் கொஞ்ச நேரம் சமாளிக்கும். இதில் மன்னன் வட அமெரிக்க வண்ண ஆமை. பனி மூடிய குளத்தடியில் ஆக்சிஜனே இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் அயனி வாயில்கள் (மின்னூட்டத் துகள்கள் வந்துபோகும் வழிகள்) பலவற்றை அதுவே சாத்திவிடுகிறது. பேச்சைக் குறைத்தால் செலவும் குறையுமல்லவா! இகுவானா அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் துண்டான தலையில் நிமிடக் கணக்கில் உணர்வு மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. நீரில் அமிழ்த்துவதும் இதனால்தான் கொடுமை.

ஆகவே இரண்டு படி. முதலில் மூளையில் நேராகப் படும் ஒரே அடி: போல்ட் துப்பாக்கியோ (குண்டுக்குப் பதில் இரும்புக் கம்பி பாய்ந்து அடிக்கும் கருவி), ஊர் விதி இடம் கொடுத்தால் ஏர்கன்னோ. உணர்வு அந்தக் கணமே போகவேண்டும். அப்புறம் அந்தத் துளை வழியே மெல்லிய கம்பியை விட்டு மூளையை முழுதாகக் கலைக்க வேண்டும். படிக்கவே ஒரு மாதிரி இருக்கும், இருந்தாலும் இதுதான் கருணை. அதற்குப் பிறகும் இதயம் வெகுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பைக் கிளப்புவது இதயமே. மூளைக்கு அதில் வேலையில்லை, பதற வேண்டாம்.

ஃபிரீசர் விவகாரம் முடிந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. 2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கரும்புத் தேரைகளின் மூளை மின்துடிப்பை அளந்தார்கள். ஃபிரிட்ஜில் குளிர வைத்துப் பிறகு உறைய வைத்தபோது வலியின் அடையாளம் தெரியவில்லை. ஐந்தடிப் பல்லிக்கும் அப்படியே என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒழிப்பு வேலைக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இப்படிப்பட்ட ஆய்வுக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

ஊருக்கு வரும்போது இந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்துவிடாதீர்கள். இகுவானா ஓணானுக்குத்தான் நெருங்கிய உறவு. ஆனால் பார்வைக்கு ஒத்திருக்கும் நம் உடும்பு, 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எண்ணெய், தாயத்து என்று அதைக் கொல்லும் மூடத்தனம் ஏற்கெனவே போதும்.

கொல்ல மனம் வராவிட்டால் மரத்தண்டில் வழுக்கும் தகரம் சுற்றுங்கள், வரும்போதெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். உள்ளே ஆளில்லை என்று உறுதி செய்துகொண்டு வளைகளை மூடுங்கள்.