ரிங்குக்குக் கீழே நிற்கிற வேலை

நான் இளையோருக்கான மனநல ஆலோசகர். என் அறையில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கிடக்கும். 14 வயதுப் பையன் ஒருவன் நான்கு வாரம் அதில் வந்து உட்கார்ந்தான். "எப்படி இருக்கே?" என்றால் "நல்லாத்தான் இருக்கேன்." "ஸ்கூல் எப்படி?" "பரவாயில்ல." அதோடு சரி. கைப்பிடியில் உரிந்திருந்த ரெக்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கிளம்புவான். (அவன் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவனை என்னிடம் அனுப்பியது அவன் ஆடும் கூடைப்பந்து கிளப்பின் கோச். கட்டணம் வாங்காத, பகுதி மக்களே சேர்ந்து நடத்தும் சின்ன கிளப். நான் முழித்ததைப் பார்த்து கோச் சொன்னார்: "சார், ஒரு நாள் பிராக்டிஸ் முடிஞ்ச பிறகு வாங்க. கேள்வி எதுவும் கேக்க வேண்டாம். பந்தை மட்டும் எடுத்துப் போடுங்க."

அவனிடமும் வீட்டிலும் கேட்டுக்கொண்டு போனேன். கோச் கோர்ட்டின் அந்தப் பக்கம் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பையன் ஃப்ரீ த்ரோ கோட்டில், அதாவது யாரும் மறிக்காமல் தனியாகப் பந்து போடும் கோட்டில் நின்றான், நான் பந்து விழும் ரிங்குக்குக் கீழே. இடையில் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அவன் போடுவான், விழுந்தாலும் விழாவிட்டாலும் நான் எடுத்துத் திருப்பி எறிவேன். முதல் இருபது பந்துக்கு ஒரு வார்த்தை இல்லை. முப்பதைத் தாண்டியிருக்கும். பந்தை இரண்டு தடவை தரையில் தட்டினான். ரிங்கைப் பார்த்தபடியே, "அப்பா வீட்டுக்கு வராம மூணு மாசம் ஆச்சு" என்றான். போட்டான். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. நான் ஓடிப்போய் எடுத்து எறிந்தேன், வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த பந்துக்கு அடுத்த வரி வந்தது.

பல வருடத் தொழிலில் நான் கற்காத ஒன்றை அந்த கோச் தெரிந்து வைத்திருந்தார். முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் வளரும் பிள்ளைகளில் பலருக்கு அது விசாரணை. கையில் ஒரு வேலை இருந்து, கண்ணுக்கு வேறு இலக்கு இருந்தால் பேச்சு தானாக வரும். நடுவில் மௌனம் விழுந்தாலும் பந்துச் சத்தம் அதை மூடிவிடும்.

சமூக கிளப்களில் 'வழிகாட்டுதல்' என்றதும் பலர் செய்வது, பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து ஒழுக்கம், லட்சியம் என்று கால் மணி நேரம் பேசுவது. அந்தக் கால் மணி நேரமும் பிள்ளைகள் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன், ஒளிப்பானேன்.

இந்த ஆட்டம் பிறந்ததே அடங்காத இளைஞர்களுக்காகத்தான். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிரால் உள்ளே அடைபட்டு முரண்டு பிடித்த ஒரு வகுப்பை ஜேம்ஸ் நைஸ்மித்திடம் ஒப்படைத்தார்கள். அதற்கு முன் இரண்டு ஆசிரியர்கள் கையை விரித்திருந்தார்கள். அவர் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டி, 13 விதிகளை எழுதி, அணிக்கு 9 பேராக இறக்கிவிட்டார். பின்னாளில் கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குக் கோச்சாக இருந்தபோது அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அந்த அணியின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமான ஒரே கோச், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான். கோப்பையை மட்டும் எண்ணுகிற கிளப் நிர்வாகிகளிடம் இதைச் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பெற்றோருக்கு ஒன்று. மார்க் குறைந்ததும் முதலில் நிறுத்தப்படுவது பிராக்டிஸ்தான். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே, தான் வராவிட்டால் "ஏன் வரல?" என்று கேட்கும் பெரியவர் கோச் ஒருவர்தான் என்று வையுங்கள். தண்டனை என்ற பெயரில் அவரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறோம். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. போனை வாங்கி வையுங்கள், பந்தை விட்டுவிடுங்கள்.

கிளப் நடத்துபவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. பிள்ளைகள் மனம் விட்டுப் பேசும் இடம் என்றால், அதைத் தவறாகப் பயன்படுத்த நினைப்பவருக்கும் அது வசதியான இடம்தான். எனவே பேச்சு எதுவானாலும் நாலு பேர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நடக்கட்டும். பூட்டிய அறையில் தனியாகப் பேசுவது, ஒரு பிள்ளையை மட்டும் தனியாக வண்டியில் ஏற்றிப் போவது, ராத்திரியில் தனி மெசேஜ், இவை எதுவும் வேண்டாம். அப்புறம், "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். அடிபடுகிறேன், சாகலாம் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னால் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். "உன்னைக் காப்பாத்த வேண்டிய விஷயம்னா, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லுவேன்" என்று முன்னாடியே சொல்லிவிடுவது நேர்மை. அதற்குமேல் சிகிச்சை கோச்சின் வேலை இல்லை. உரியவரிடம் அனுப்பிவிட்டு, வழக்கம்போல அடுத்த நாளும் பந்து எடுத்துப் போட வேண்டும். பிள்ளையை அனுப்பிவைத்ததோடு தள்ளி நின்றுகொள்ளும் கோச்களும் உண்டு. அது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கைவிடல்.

மகனையோ மகளையோ சேர்க்கப் போகிறவர்கள் ரிங்கின் உயரத்தைப் பாருங்கள். பெரியவர்களுக்கான 3.05 மீட்டரில், வளர்ந்த ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்தோடு 9 வயதுப் பிள்ளை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், அங்கே பிள்ளைகளை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்த வயதுக்கு 2.60 மீட்டர் ரிங்கும் 5-ஆம் எண் பந்தும் இருக்கின்றன. போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்று கேளுங்கள். கோப்பை அலமாரியைக் காட்டிப் பேச்சை மாற்றுகிறார்களா என்றும் கவனியுங்கள்.

நான் சொன்ன கோச்சிடம் வருகைப் பதிவு நோட்டு ஒன்று இருக்கிறது. பெயருக்கு நேரே டிக் மட்டும் இருக்காது. ஒரு நாள் புரட்டிப் பார்த்தேன். "இருமல், ஓட வேண்டாம்." "அக்காவுக்குப் பரீட்சை, இவள்தான் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள்." என் பையனின் பெயருக்கு நேரே, அவன் என் அறைக்கு வரத் தொடங்குவதற்கும் முந்தைய தேதியில் எழுதியிருந்தது: "ஷூ சின்னதாகிவிட்டது. கேட்க மாட்டான். சைஸ் 8."