கடலுக்குப் போகும் நீலகிரிக் கல்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மழைக்காலம் வந்தாலே ‘இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது’ என்று செய்தி போடுகிறார்கள். எங்கள் மலையில் பெய்யும் மழையும் அந்தக் கணக்கில் வருமா? கடலுக்கு நம் தண்ணீரால் என்ன லாபம்?”

வரும். ஊட்டி, குந்தா, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து ஓடைகள் மாயாற்றிலோ பவானியிலோ போய்ச் சேர்கின்றன. இரண்டும் பவானிசாகர் அணையில் ஒன்றாகி, கூடுதுறையில் காவிரியில் கலந்து, வழியில் எல்லோரும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் பூம்புகார் பக்கம் போகிறது. வெள்ளமென்றால் கொள்ளிடம் வழியாக. பந்தலூர்ப் பக்கத்து மழை மேற்கே இறங்கி, சாலியாற்றோடு பேப்பூரில் அரபிக்கடலைத் தொடுகிறது. ஆக, ஒரு மலைக்கு இரண்டு கடல். லாபம் என்ன என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் சொல்லப்போவது தண்ணீரைப் பற்றிக்கூட இல்லை, அதில் கரைந்து போகும் கல்லைப் பற்றி.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் மலையை வெட்டிய இடங்களைப் பார்த்திருப்பீர்கள். செம்மண்ணுக்கு நடுவே உருண்டையாக ஒரு பாறை உட்கார்ந்திருக்கும். மேல்தோல் காவி நிறம். விரலால் நெருடினாலே அடுக்கடுக்காக உதிரும். உள்ளே போனால் சுத்தியலுக்கும் மசியாத நீலக்கருப்புக் கல். சார்னகைட் என்று பெயர். பரங்கிமலையும் பல்லாவரமும் இதே இனம்தான். உதிரும் தோலுக்கும் உறுதியான நடுவுக்கும் இடையே சில அங்குலம்தான் இருக்கும். மலை கரைகிற வேலை அந்தச் சில அங்குலத்துக்குள் நடக்கிறது.

வேதியியல் பள்ளிப் பாடம்தான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் மண்ணுக்குள் கார்பன் டை ஆக்சைடு மிக அதிகம். மழைநீர் அதோடு சேர்ந்து லேசான கார்பானிக் அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையில் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தை அரிக்கிறது. சோடியம், கால்சியம் எல்லாம் முதலில் ஓடிவிடும். அப்புறம் சிலிகான், சிலிசிக் அமிலமாகக் கரைந்து ஓடையில் இறங்கும். அலுமினியமும் இரும்பும்தான் அசையாமல் கிடக்கும். நீலகிரி உச்சிகளில் அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைப்பதும், தேயிலைத் தோட்டத்து மண் அவ்வளவு சிவப்பாக இருப்பதும் இதனால்தான். சிலிகா, அதாவது ஆக்சிஜனோடு சேர்ந்த சிலிகான் (மணலும் கண்ணாடியும் பெரும்பாலும் இதுதான்), கடலுக்குப் போன பிறகு மிஞ்சியதைத்தான் நாம் செம்மண் என்கிறோம்.

போகிற வழியில் புல்லும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. மலைப்புல்லை உருவினால் விரல் கீறுமே, அந்தக் கூர் சிலிகாவுடையது. நெல்லும் புல் இனம்தானே; உமிச்சாம்பலில் பெரும்பங்கு சிலிகாதான். இவையெல்லாம் போகவும், உலக ஆறுகளின் சராசரியில் ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 10 மில்லிகிராம் சிலிகா மிஞ்சுகிறது. கடலின் மேற்பரப்பு நீரில் பெரும்பாலும் இதில் சிறு பங்குதான் இருக்கும். வந்த வேகத்தில் பிடித்துக்கொள்ள அங்கே ஆள் காத்திருக்கிறது: டயட்டம்.

டயட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னை நிறுத்துவது கஷ்டம். ஒற்றைச் செல் பாசி. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரைதான் பெரும்பாலானவற்றின் அளவு. ஆனால் குடியிருப்பது கண்ணாடி வீட்டில். நாம் கண்ணாடி செய்ய மணலைச் சுமார் 1,500 டிகிரிக்குச் சூடாக்குகிறோம். இது கடலின் சாதாரண வெப்பத்திலேயே செய்துகொள்கிறது. செல்லின் சவ்வில் இதற்கென்றே புரதங்கள் உண்டு. நீரில் அரிதாகத் திரியும் சிலிசிக் அமில மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுப்பது அவற்றின் வேலை. உள்ளே தட்டையான ஒரு சவ்வுப் பை, அதில் லேசான புளிப்பு. சிலாஃபின் என்ற இன்னொரு வகைப் புரதத்தை 1999-இல் கண்டுபிடித்து விவரித்தார்கள். அதைச் சோதனைக்குழாயில் சிலிசிக் அமிலத்தோடு சேர்த்தால் சில நிமிடங்களிலேயே சிலிகா உருண்டைகள் திரள்கின்றன. செல்லுக்குள் இதே வேலை பையின் வடிவத்துக்கு அடங்கி நடப்பதால், வரிசை பிசகாத துளைகளோடு ஒரு கண்ணாடித் தகடு உருவாகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் கோலம். துளை எண்ணிக்கையை வைத்தே இனத்தைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனிமேல்தான் விஷயமே. அந்த ஓடு, மூடி போட்ட டிபன் டப்பா மாதிரி இரண்டு பாதி. ஒன்று மற்றதின் மேல் கவிந்திருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது ஆளுக்கு ஒரு பாதி. மூடியை எடுத்துக்கொண்ட மகள் அதற்கேற்ற அடிப்பாதியைச் செய்துகொள்கிறாள். சிக்கல் இல்லை, தாயின் அளவு. அடிப்பாதியை எடுத்துக்கொண்டவள் என்ன செய்கிறாள் தெரியுமா? அதையே மூடியாக்கி, அதற்குள் அடங்கும்படி இன்னும் சின்னதாக ஒன்று செய்கிறாள். கண்ணாடி வளையாது, விரியாது. ஆகவே அந்தக் கிளையில் தலைமுறைக்குத் தலைமுறை உருவம் குறுகிக்கொண்டே போகும். 1869-இல் மெக்டொனால்ட், ஃபிட்சர் இருவரும் தனித்தனியே இதைக் கவனித்துச் சொன்னார்கள். இப்படியே போனால் ஒருநாள் ஒன்றுமில்லாமல் போய்விட வேண்டுமே? போவதில்லை. ஓர் அளவுக்குக் கீழே வந்ததும், அதுவரை தன்னையே நகல் எடுத்துக்கொண்டிருந்த உயிர் பாலினப் பெருக்கத்துக்கு மாறுகிறது. இரண்டு செல்களின் கரு இணைந்ததும் பழைய கண்ணாடியை உதறிவிட்டு, மென்மையான சவ்வோடு பலூனாக ஊதி, முழு அளவை எட்டிய பிறகு புது வீடு கட்டுகிறது. இதைத் தற்செயலாக வந்த ஏற்பாடு என்று சொல்ல எனக்கே சில சமயம் மனசு வராது. ஆனால் பரிணாமம் என்பது அதுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் புதுக் கண்ணாடி வேண்டும். சிலிகா தீர்ந்தால் டயட்டம் பிரியாமல் அப்படியே நின்றுவிடும், மற்ற சத்து எவ்வளவு கொட்டிக் கிடந்தாலும். அதற்குத் தேவையான நைட்ரஜனும் சிலிகானும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று.

அப்படி நின்றால் யாருக்கு என்ன? பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு டயட்டம் செய்கிறது. மத்தி மீனின் முக்கிய உணவு இது. டயட்டம் நின்றால் கடல் காலியாக இருக்காது. கண்ணாடி தேவைப்படாத டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற ஒற்றைச் செல் உயிர்கள் போன்றவை அந்த நைட்ரஜனைத் தின்று பெருகும். அவற்றில் சில நஞ்சு உண்டாக்குபவை.

சரி, சிலிகா எங்கே மாட்டிக்கொள்கிறது? அணையில். ஆறாக ஓடும் நீர் தேங்கித் தெளிந்ததும் நன்னீர் டயட்டங்கள் பெருகி, சிலிகாவை ஓடாக்கி, செத்து அடியில் படிந்துவிடுகின்றன. பவானிக்கு மட்டும் மலையிலேயே அப்பர் பவானி, அவலாஞ்சி, எமரால்டு, குந்தா, பில்லூர் என்று வரிசையாக அணைகள். அப்புறம் பவானிசாகர். இதற்கு நேர்மாறாக, கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டத்து உரத்திலிருந்து சமவெளி ஊர்களின் சாக்கடை வரை வழியெங்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் சேர்ந்துகொண்டே போகின்றன. சிலிகாவை யாரும் உரமூட்டையில் கொட்டி ஈடு செய்வதில்லை.

ஐரோப்பாவில் இது நடந்து பார்த்தாகிவிட்டது. டான்யூப் ஆறு சுமந்து வந்த கரைந்த சிலிகா 1970-களுக்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதாக 1997-இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்த ஆறு போய்ச் சேரும் கருங்கடலில் டயட்டங்களின் இடத்தை மற்றவை பிடித்தன. பழி முழுவதும் டான்யூபின் குறுக்கே 1972-இல் முடிந்த ‘இரும்புக் கதவு’ அணையின் மேல் விழுந்தது. பிறகு அந்த அணையிலேயே அளந்து பார்த்தால், அது பிடித்து வைப்பது சுமார் 5 சதவீதம்தான்! கவனம் ஆற்றின் மேற்பகுதி அணைகளின் பக்கம் திரும்பியது. நீலகிரிக்காரர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

அணையை இடி என்று சொல்ல வரவில்லை. பைக்காரா 1932 முதல் மின்சாரம் தருகிறது, அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள் நாம். என் கோபம் கணக்கெழுதும் முறையின் மேல். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 740 டி.எம்.சி.யைப் பங்கு போட்டபோது சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி.யும், ‘தவிர்க்க முடியாமல்’ கடலுக்குப் போய்விடுவது என்று 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. கடல் என்பது நம் கணக்கில் ஓட்டைக் குழாய். அந்தக் குழாயில் எவ்வளவு கல் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஆராய்ச்சிப் பணம் போகும் திசையும் அப்படித்தான். கப்பல் என்றால் கோடிகள் கிடைக்கும், செயற்கைக்கோள் என்றால் இன்னும் கிடைக்கும். ஒரே ஓடையில் வாரம் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து முப்பது வருடம் அளக்கிறேன் என்று விண்ணப்பம் போட்டுப் பாருங்கள், இதில் புதுமை என்ன என்று கேட்பார்கள்.

இத்தனைக்கும் அளப்பது பெரிய வித்தை இல்லை. அமோனியம் மாலிப்டேட்டும் கொஞ்சம் அமிலமும் சேர்த்தால், சிலிகா இருக்கும் நீர் மஞ்சளாகும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சிலிகா. பள்ளிக்கூட ஆய்வகம் போதும். டயட்டத்தையே பார்க்க வேண்டுமென்றால் ஓடைக் கல்லில் காலை வழுக்கவைக்கும் பழுப்புப் படலத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, 400 மடங்கு பெரிதாக்கும் மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். அணைக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நீர் பிடிக்க மட்டும் கண்ணாடிப் பாட்டில் கூடாது. கண்ணாடியிலிருந்தே சிலிகா கரைந்து கணக்கைக் கெடுத்துவிடும். பிளாஸ்டிக்தான் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலைத் தடுக்கும் நீலகிரிச் சோதனைச் சாவடியில் அதை எப்படி விளக்குவது என்பது உங்கள் சாமர்த்தியம்.