மென்பொருள் மெயின்டனன்ஸ்: பராமரிப்பா, பேணுகையா?

மனு என்றால் லத்தீனில் ‘கையால்’, தெனேரே என்றால் ‘பிடித்தல்’. இவ்விரண்டும் சேர்ந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘மெயின்டெயின்’ ஆயின. கைவிடாமல் வைத்திருத்தல் என்பது மூலப்பொருள்.

தமிழில் ‘பராமரிப்பு’ நிலைத்துவிட்டது; அது வடமொழி வழி வந்த சொல். செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி மலையேறிவிட்டால், சாலையைச் செப்பனிடும் வேலைக்கு மலையாளத்தில் ‘அற்றகுற்றப்பணி’ என்கிறார்கள். எவ்வளவு நல்ல சொல்! அற்றம் (குறைபாடு), குற்றம் இரண்டும் நம்முடையவை. ‘அற்றம் மறைக்கும் பெருமை சிறுமைதான் குற்றமே கூறி விடும்’ என்று 980ஆம் குறளில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை செங்கோட்டையும் மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது.

ஆனால் மென்பொருளுக்கு ‘அற்றகுற்றப்பணி’ பாதிதான் பொருந்தும். சாலை தேயும், நிரல் (புரோகிராம்) தேயாது. அதைச் சுற்றியுள்ள உலகம்தான் மாறும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது எல்லையோரக் கடைகளின் பில்லிங் மென்பொருளில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனாலும் மாற்றியே ஆக வேண்டியிருந்தது. செங்கோட்டையிலிருந்து தென்காசிக் கடைக்குப் பாத்திரம் அனுப்பினால் வரி மத்திய, மாநிலப் பங்குகளாகப் பிரிய வேண்டும்; அதே பாத்திரம் கேரளத்துப் புனலூர்க் கடைக்குப் போனால், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. மட்டும். வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண் 33இல் தொடங்கினால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம்.

2025 செப்டம்பர் 22இல் வரி அடுக்குகள் மாறியபோது இன்னொரு சிக்கல். பொருள் பட்டியலில் 12 சதவீதத்தை அழித்து 5 என்று போட்டால் போதாது. பழைய பில்லை மறுபடி அச்சிட்டாலும், அதில் விற்ற சரக்கு திரும்பி வந்தாலும் பழைய விகிதமே வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு விகிதத்தோடும் அது தொடங்கிய தேதியையும் சேமிக்க வேண்டும்.

1976இலேயே ஸ்வான்சன் என்ற ஆய்வாளர் மென்பொருள் மெயின்டனன்ஸைப் பிழை திருத்தல், சூழலுக்கேற்ப மாற்றல், மேம்படுத்தல் என மூன்றாகப் பிரித்தார். வரும்முன் காத்தல் பின்னர் சேர்ந்தது. இத்தனையையும் தாங்கும் தமிழ்ச் சொல் ‘பேணுகை’ என்பேன். பேணுதலில் காத்தலும் உண்டு, வளர்த்தலும் உண்டு. பிழை திருத்துவதை மட்டும் ‘அற்றகுற்றம் களைதல்’ எனலாம். அப்டேட்டுக்கு ‘இற்றைப்படுத்தல்’, அப்கிரேடுக்கு ‘தரம் உயர்த்தல்’.

ஏ.எம்.சி. போடும்போது ‘ஆண்டுப் பேணுகை ஒப்பந்தம்’ என்று எழுதுங்கள். வரி மாற்றத்துக்கான வேலையும் அதில் அடங்குமா என்பதைத் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.