ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு: அரசுப் பள்ளி மாணவருக்கான கல்லூரிச் சலுகைகள்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிறவர்கள் மூன்று உதவிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை, முதல் பட்டதாரி கட்டணச் சலுகை. மூன்றுக்கும் தகுதி வெவ்வேறு. ஒன்றுக்குத் தகுதி இருந்தால் மற்றதும் தானாகக் கிடைக்கும் என்று நம்பிக் கடைசி நேரத்தில் அலைகிறவர்கள் நிறைய.

முதலில் 7.5 சதவீதம். 2020-ல் வந்த சட்டம் மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஓமியோபதி படிப்புகளுக்கானது. இவற்றில் நீட் தகுதி பெற்றவருக்கே இந்த ஒதுக்கீடு. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. 6 முதல் 12 வரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளே. அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு விதிவிலக்கு: கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குத் தகுதி உண்டு.

இந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அதே மாணவர் பொதுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம். ஆனால் பொதுப் பிரிவு இடத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் கட்டண விலக்கு கிடையாது. கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், படிப்பு முடியும் வரையிலான செலவையும் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள்.

இடையில் பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்று வாங்கிவைப்பது நல்லது. எந்த வகுப்பு, எந்தக் கல்வியாண்டு என்று தெளிவாக எழுதித் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். ரிசல்ட் வந்தபின் போனால் கோடை விடுமுறையில் ஆள் கிடைப்பது கஷ்டம். பிப்ரவரிக்குள் முடித்துவிடலாம்.

மாதம் 1,000 ரூபாய் மாணவியருக்குப் புதுமைப் பெண் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024) என்ற பெயர்களில் வருகிறது. பட்டம், பட்டயம், ஐடிஐ எதில் சேர்ந்தாலும் உண்டு. இதில் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவரும் வருவார்கள். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்கே காரணம். பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருந்தால் மட்டும் போதாது. நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கோடு ஆதார் 'சீடிங்' ஆகியிருக்க வேண்டும், அதாவது அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக அது ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பள்ளியில் திறந்த பழைய கணக்கு செயலற்றுக் கிடக்கிறதா என்றும் வங்கியில் கேளுங்கள்.

முதல் பட்டதாரி சலுகைக்குப் பள்ளி எது என்பது பொருட்டல்ல. குடும்பத்தில் பட்டதாரி யாரும் இருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே கிடைக்கும். தொழிற்கல்வியில் அரசு நடத்தும் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருவோருக்கே இது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் கேட்க முடியாது. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வருவாய்த் துறை விசாரித்துத் தரும். மதிப்பெண் பட்டியலில் 'செல்வி க' என்றும் ஆதாரில் 'செல்வி கந்தன்' என்றும் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரக்கூடும். அதனால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பிறகு சான்றிதழுக்குப் போங்கள்.

பொறியியல் கலந்தாய்வில் தரவரிசையைத் தீர்மானிக்கும் கட் ஆஃப் மதிப்பெண் 200-க்குக் கணக்கிடப்படும்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் பார்த்து இடம் ஒதுக்குவார்கள். ஆகவே உண்மையிலேயே வேண்டியதை முதலில் வையுங்கள். பத்துக் கல்லூரியோடு நிறுத்திக்கொண்டு அந்தச் சுற்றில் இடமே இல்லாமல் போன நல்ல மதிப்பெண்காரர்கள் உண்டு. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதிசெய்யாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும்.

சந்தேகம் இருந்தால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். எந்தக் கல்லூரியிலும் சேராமல் விட்டவர்களுக்கு நான் முதல்வன் திட்டத்தின் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடக்கின்றன. சான்றிதழ்களோடு போய்ச் சேர்க்கைக்கு வழி கேட்கலாம்.