புனைபடம்: ‘ஸ்டேஜ்டு போட்டோ’வுக்கு ஒரு தமிழ்ச்சொல்

போர்க்களத்துப் படம் ஒன்று பரவ ஆரம்பித்தால் போதும், கொஞ்ச நேரத்தில் யாராவது “இது செட்டப்” என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்டேஜ்டு’ என்று பெயர். ஒரு செய்திப் படக்காரர் மேல் வைக்கக்கூடிய குற்றச்சாட்டுகளில் இதைவிடப் பெரியது அதிகம் இல்லை. நிரூபணமானால் வேலை போகும், விருது போகும், பழைய படங்கள் எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆனால் அந்த ஒரே சொல்லை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல காரியங்களுக்கும் போட்டுவிடுகிறோம்.

‘ஸ்டேஜ்’ என்ற சொல்லின் வேர், ‘நிற்றல்’ என்று பொருள்படும் லத்தீன் வினை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தளம், மேடை, நாடக மேடை என்று பொருள் மாறியது. மேடையில் நடத்திக் காட்டுவது என்ற வினை அதிலிருந்து வந்தது. கேமராவுக்காக ஒன்றை நடத்திக் காட்டினாலும், இருப்பதை நகர்த்தி அடுக்கினாலும் அந்தப் படம் ‘ஸ்டேஜ்டு’.

மேடை என்றதும் தமிழில் முதலில் தோன்றுவது அரங்கம். மாதவி ஆடிய அரங்குக்கு ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவே கொடுத்திருக்கிறார் இளங்கோ. அப்படியானால் ‘அரங்கேற்றிய படம்’ என்று சொல்லலாமே? சொல்ல முடியாது. நம் செய்தித்தாள்கள் “கொடூரம் அரங்கேறியது” என்று எழுதி எழுதி, உண்மையில் நடந்த சம்பவத்துக்கே அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டன. ‘செட்டப்’ பேச்சில் சரி. ஆனால் அதற்கு ஊர் வம்பில் வேறொரு குடும்பக் கலகப் பொருளும் உண்டு, அதை விடுவோம்.

‘போலிப் படம்’ என்பதும் பொருந்தாது. 1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் அலெக்சாண்டர் கார்ட்னர் குழு எடுத்த படம் ஒன்றில், கல் அரணுக்குப் பின்னால் ஓர் இளம் சிப்பாய் இறந்து கிடக்கிறான், சுவரில் துப்பாக்கி சாய்ந்திருக்கிறது. குறிபார்த்துச் சுடும் வீரன் தன் மறைவிடத்திலேயே மாண்டான் என்பது படத்துக்குச் சொல்லப்பட்ட கதை. 1975இல் வரலாற்றாய்வாளர் வில்லியம் ஃபிரசனிட்டோ அந்தத் தொகுப்பின் மற்ற படங்களோடு ஒப்பிட்டு, அதே உடல் சுமார் 35 மீட்டர் தள்ளி வேறோர் இடத்தில் முதலில் படமாக்கப்பட்டதைக் காட்டினார். தூக்கி வந்து கிடத்தியிருக்கிறார்கள். அந்தச் சாவு நிஜம், சண்டை நிஜம், கல் அரணும் நிஜம். இடமும் கதையும் மட்டும் கைவேலை. இதைப் போலி என்றால் அந்தப் பையனின் சாவையே பொய் என்று சொன்னதாகிவிடும்.

நிஜத்தை எடுத்து அடுக்கி அழகுபடுத்துவது, அதிலேயே பொய்யையும் கலப்பது, இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல் வேண்டும். பேச்சில் ஒன்று இருக்கிறது: ஜோடித்தல். தேரையும் ஜோடிப்பார்கள், வழக்கையும் ஜோடிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டு அலங்காரத்துக்குச் ‘சோடனை’ என்றே பெயர். எனக்கு இந்தச் சொல் பிடிக்கும், ஆனால் தனித்தமிழ்க்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களும் ஒத்துக்கொள்ளும் சொல் ‘புனை’. மாலை புனைவது, கதை புனைவது, புனைபெயர் வைப்பது என்று அலங்காரமும் கற்பனையும் இதிலும் சேர்ந்தே இருக்கின்றன. அப்புறம், இதன் எதிர்ச்சொல்லும் தயாராக இருக்கிறது. கணவன் போருக்குப் போய்விட, அணிகளைக் களைந்துவிட்டு இருக்கும் அரசியை ‘புனையா ஓவியம்’ போல இருந்தாள் என்கிறது நெடுநல்வாடை. வண்ணம் தீட்டாமல் கோடு மட்டும் போட்ட சித்திரம் என்பது உரை. ஆக, ஸ்டேஜ்டு என்றால் புனைபடம். நடந்ததை நடந்தபடியே எடுத்தது புனையாப் படம்.

சரி, இந்தச் சொல்லை எதற்கெல்லாம் போடலாம்? இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945இல் எடுத்த இரண்டு கொடிப் படங்களில் வைத்துப் பார்ப்போம்.

பிப்ரவரி 23, ஜப்பானின் இவோ ஜிமா தீவின் சுரிபாச்சி மலை. காலையில் நட்ட கொடி சிறியது என்று, அதை இறக்கிவிட்டுப் பெரிய கொடியை அமெரிக்க வீரர்கள் ஏற்றுகிறார்கள். அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஜோ ரோசன்தால் அந்தக் கணத்தைப் பிடிக்கிறார். பிறகு வீரர்களை எல்லாம் கொடிக்குக் கீழே கூட்டி, கையைத் தூக்கச் சொல்லி ஒரு குரூப் போட்டோவும் எடுக்கிறார். பிலிம் குவாம் தீவுக்குப் போய், முதல் படம் அமெரிக்கா முழுக்க வெளியாகிவிடுகிறது. எந்தப் படம் வந்தது என்றே அவருக்குத் தெரியாது. சில நாள் கழித்து அவர் குவாம் வந்தபோது “போஸ் கொடுக்கச் சொல்லி எடுத்ததா?” என்று ஒருவர் கேட்க, குரூப் போட்டோவைக் கேட்கிறார் என்று நினைத்து ‘ஆமாம்’ என்றுவிட்டார். அவ்வளவுதான், கொடிப் படமே செட்டப் என்ற பேச்சு பரவிவிட்டது. அந்த ஆண்டே புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆனாலும் 2006இல் 94 வயதில் இறக்கும் வரை அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற பில் ஜெனாஸ்ட் எடுத்த சினிமா பிலிமில் கொடி ஏறுவது முழுதாகப் பதிவாகியிருக்கிறது. யாரும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. இது புனையாப் படம்.

மே 2, பெர்லின். சோவியத் படக்காரர் எவ்கேனி ஹல்தேய், சிவப்பு மேசை விரிப்பில் தைத்த கொடியை மாஸ்கோவிலிருந்தே கொண்டுவந்து, வீரர்களை ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் ஏற்றி நிறுத்திப் படமெடுத்தார். இரண்டு நாள் முன்பே இரவில் அங்கே கொடி ஏறிவிட்டது, ஆனால் அதற்குப் படம் இல்லை. ஹல்தேயின் படத்தில் கீழே நின்று தாங்கிப் பிடித்திருந்த வீரரின் இரண்டு கையிலும் கைக்கடிகாரம் இருந்தது. ஒன்று கொள்ளையடித்தது என்று யாருக்கும் தோன்றுமே! ஊசியால் நெகட்டிவைச் சுரண்டி ஒரு கடிகாரத்தை எடுத்தார்கள். பின்னணியில் புகையையும் கூட்டினார்கள். இது புனைபடம், சந்தேகமே இல்லை.

ஆனால் கடிகாரத்தைச் சுரண்டியது வேறு வேலை. புனைவது ஷட்டரை அழுத்துவதற்கு முன். சுரண்டுவதும் ஒட்டுவதும் அதற்குப் பின். 2003இல் ஈராக்கின் பாஸ்ரா அருகே லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸின் பிரையன் வால்ஸ்கி அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைக் கணினியில் ஒன்றாக்கினார். பின்னால் உட்கார்ந்திருந்த சிலர் இரண்டு முறை தெரிந்ததால் மாட்டிக்கொண்டார், வேலை போனது. 2006இல் பெய்ரூட் குண்டுவீச்சுப் படத்தில் அத்னான் ஹஜ் புகையைப் பெருக்கினார். ராய்ட்டர்ஸ் அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. ‘புகைப்படம்’ என்ற பெயருக்கு இப்படியும் ஓர் அர்த்தம் வரும் என்று யார் கண்டார்! இவற்றை ஒட்டுப்படம், திருத்திய படம் என்றே சொல்லலாம். யாரும் யாரையும் நடிக்க வைக்கவில்லை, அதனால் ‘புனை’ இங்கே வேண்டாம்.

சொல்லைக் கறாராக வைத்துக்கொள்ள இன்னொரு காரணம், நடந்ததை மறைக்க நினைப்பவர்களுக்கும் இதே சொல் உதவுகிறது. கண்ணைக் கட்டி நிர்வாணமாக்கியவர்களைச் சுட்டுக்கொல்லும் காணொளியை 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியதும், இலங்கை அரசு அதைப் போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் கொடுத்து ஆராய்ந்தார். அது உண்மையானது என்றே சான்றுகள் வலுவாகக் காட்டுவதாக 2010 ஜனவரியில் அறிவித்தார். போலி என்று சொல்ல ஒரு நாள்கூட ஆகவில்லை. போலி இல்லை என்று காட்ட மாதக்கணக்கில் ஆனது.

‘புனைபடம்’ தடுமாறும் இடமும் ஒன்று இருக்கிறது. 1971 டிசம்பரில், பாகிஸ்தான் படை சரணடைந்த இரண்டு நாளில், டாக்கா மைதானக் கூட்டம் ஒன்றில், வங்கதேச விடுதலைக்குப் போரிட்ட முக்தி வாகினியினர் கைதிகளைத் துப்பாக்கி ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். கேமராக்கள் இருப்பதால்தான் இது நடக்கிறது, நாம் போனால் நின்றுவிடும் என்று நினைத்துச் சில படக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஹார்ஸ்ட் ஃபாஸும் மிஷேல் லோரனும் இருந்து எடுத்தார்கள்; 1972இல் புலிட்சர் கிடைத்தது. போனவர்களையும் என்னால் குறைசொல்ல முடியவில்லை, இருந்தவர்களையும் முடியவில்லை. அவர்கள் எடுக்காமல் போயிருந்தால் அந்தக் கொலைக்கு இவ்வளவு வலுவான சாட்சி இருந்திருக்காது. படக்காரர் எதையும் அடுக்கவில்லை, ஆகவே புனைபடம் இல்லை. கொன்றவர்கள் பார்வையாளரை மனதில் வைத்துக் கொன்றிருக்கக்கூடும், ஆகவே ‘நடந்ததை நடந்தபடி’ என்றும் நிம்மதியாகச் சொல்லிவிட முடியாது. இப்படிப்பட்ட படத்துக்கு ஒற்றைச் சொல் போதாது. “கேமராக்களின் முன்னிலையில் நடந்தது” என்று படக்குறிப்பிலேயே முழு வாக்கியமாக எழுதிவிடுவது நல்லது.