டிராஃபிகேட்டர் என்னும் கைகாட்டி

1930களிலும் 1940களிலும் பிரிட்டனில் ஓடிய பல கார்களில், முன்கதவை ஒட்டிய தூணில் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்குக் குறுகிய பிளவு ஒன்று இருக்கும். ஓட்டுநர் விசையைத் திருப்பியதும் அதற்குள் தொங்கிக்கொண்டிருந்த சிறிய கை ஒன்று வெளியே எழுந்து, ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தபடி கிடையாக நிற்கும். விசையை மீட்டதும் தன் எடையாலேயே இறங்கிப் பிளவுக்குள் அடங்கிவிடும். இந்தக் கருவிக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் டிராஃபிகேட்டர். கருவி சாலையை விட்டுப் போனபோது பெயரும் வழக்கை விட்டுப் போயிற்று. பழைய கார்களைப் பற்றி எழுதுவோர் இன்று இதை ஒலிபெயர்த்து எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இதற்குப் பொருந்தும் தமிழ்ச் சொல் நெடுங்காலமாக நம் கைவசம் இருக்கிறது என்பதைச் சொல்லவே இந்த விளக்கம்.

டிராஃபிக், இண்டிகேட்டர் என்னும் இரு சொற்களை வெட்டி ஒட்டியதால் பிறந்தது டிராஃபிகேட்டர். டிராஃபிக் என்பது இத்தாலிய மொழியில் வாணிகத்தைக் குறித்த சொல். பொருள்கள் கைமாறுவதைக் குறித்து வந்த அது, பின்னர் பொருள்களும் மக்களும் வண்டிகளும் போய்வருவதைக் குறிக்கத் தொடங்கியது. இண்டிகேட்டரின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘இண்டெக்ஸ்’ என்றால் அம்மொழியில் காட்டுவது, காட்டிக்கொடுப்பது, சுட்டுவிரல் என்றெல்லாம் பொருள். ஆகவே வெட்டி ஒட்டிய இந்தச் சொல்லுக்குள்ளும் ஒரு விரல் ஒளிந்திருக்கிறது. அது தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆனால் கருவியின் வரலாற்றைப் பார்த்தால் அந்த விரல் அங்கே இருப்பது மிகவும் பொருத்தமே, ஏனெனில் டிராஃபிகேட்டர் வருவதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தது மனிதனின் கைதான்.

பிரிட்டனில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டப்படி, 1904 ஜனவரி 1 முதல் கார் ஓட்டுவோர் ஐந்து ஷில்லிங் கட்டி உரிமம் பெற வேண்டியிருந்தது. அதற்குத் தேர்வு எதுவும் இல்லை. பதினேழு வயது நிரம்பியிருந்து பணமும் கட்டினால் உரிமம் கிடைத்துவிடும். ஓட்டத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. ஓட்டுநருக்கு இன்னது தெரிந்திருக்க வேண்டும் என்று அரசு முறையாக எழுதிக் கொடுத்தது 1931 ஏப்ரலில்தான். ஒரு பென்னி விலையில் வெளியான அந்த முதல் சாலை விதி நூலில் கைச்சைகைகளுக்குப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. குதிரை வண்டிக்காரர்கள் சவுக்கை உயர்த்தியும் தலைக்கு மேல் சுழற்றியும் காட்ட வேண்டிய சைகைகள்கூட அதில் இருந்தன. பின்புறக் கண்ணாடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பின்னால் வருபவரை நீ பார்க்கிறாயா என்பதைவிட, உன் எண்ணத்தை அவருக்குக் காட்டினாயா என்பதே அன்றைய விதிகளின் கவலையாக இருந்தது.

அந்தச் சைகைகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்லும், ஓட்டுநர் வலப்பக்க இருக்கையில் அமர்ந்திருப்பார். ஆதலால் வெளியே நீட்டக் கிடைப்பது வலக்கை ஒன்றே. வலப்புறம் திரும்புவதற்கு, உள்ளங்கை முன்னோக்கி இருக்குமாறு கையை நேராக நீட்டினால் போதும். இடப்புறம் திரும்புவதையும் அதே வலக்கையாலேயே சொல்லியாக வேண்டும் என்பதால், நீட்டிய கையைத் தோளிலிருந்து கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகச் சுழற்றுவது வழக்கமாயிற்று. வேகத்தைக் குறைப்பதற்கு, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, எதையோ மெல்ல அமுக்குவதுபோல் கையை ஏற்றி இறக்குவார்கள். வலப்பக்கம் செல்லும் அமெரிக்காவில் இடக்கைதான் வெளியே இருக்கும். அங்கே வலப்புறம் திரும்புவதை முழங்கையை மடித்துக் கையை மேல்நோக்கி உயர்த்திக் காட்டினார்கள். எண்ணம் ஒன்றாக இருந்தும், அமரும் இடம் மாறியதால் சைகையின் வடிவமே மாறிவிட்டது.

1934ஆம் ஆண்டில் பிரிட்டனின் சாலைகளில் 7,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டுச் சட்டத்தின்படி ஓட்டுநர் தேர்வு கொண்டுவரப்பட்டது. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. சாலையில் ஓட்டிக் காட்டும் அந்தத் தேர்வு 1935 மார்ச்சில் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கி, ஜூன் 1 முதல் கட்டாயமாயிற்று. 1934 ஏப்ரல் 1க்கு முன்பே உரிமம் பெற்று ஓட்டிவந்தவர்களுக்கு விலக்கு உண்டு. கட்டணம் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். தேர்வு மையங்கள் இல்லாத காலம் அது. தேர்வாளர் ரயில் நிலைய வாசலிலோ பூங்கா அருகிலோ வந்து நிற்பார், தேர்வுக்கு வருபவர் காரை அங்கே கொண்டுவர வேண்டும். மழையானாலும் சன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டிக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பகுதி பிரிட்டனின் தேர்வில் 1975 வரை நீடித்தது.

கைக்கு இயற்கையான குறைகள் இருந்தன. இருட்டில் அது தெரியாது. கூரையும் கதவும் மூடிய கார்கள் பெருகியபின், ஒவ்வொரு திருப்பத்துக்கும் கண்ணாடியை இறக்கி ஏற்றுவது குளிர்நாட்டில் பெரும் தொல்லை. அதனால்தான் மின்காந்தத்தால் எழும் செயற்கைக் கை வந்தது. உள்ளே சிறு விளக்கு, மேலே ஒளி ஊடுருவும் ஆரஞ்சு உறை, அவ்வளவே அதன் அமைப்பு. குளிரிலும் அழுக்கிலும் அது பிளவுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்போது, ஓட்டுநர் தூணை உள்ளிருந்து கையால் குத்தி அதை வெளியே வரவைப்பது அக்காலத்தில் எல்லாரும் அறிந்த வைத்தியம். அமெரிக்காவின் பியூக் கார்களில் 1939இலேயே மின்னும் விளக்குகள் வந்துவிட்டன. பிரிட்டனின் மோரிஸ் மைனர் 1961 வரை கையை விடவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். இண்டிகேட்டர் என்பதற்குத் ‘திசைகாட்டி’ என்று சிலர் எழுதுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. திசைகாட்டி என்றால் வடக்கைக் காட்டும் காந்த ஊசிக் கருவி என்றே தமிழர் அறிவர்; நிலைத்துவிட்ட ஒரு சொல்லின் மேல் இன்னொரு பொருளை ஏற்றினால் இரண்டுமே கலங்கிப்போகும். லத்தீன் வேரைப் பின்பற்றிச் ‘சுட்டி’ என்று சொல்லலாமே என்று தோன்றும். சுட்டுவிரலும் சுட்டெழுத்தும் அந்த ஆசையைத் தூண்டுகின்றன. ஆனால் குறும்புப் பிள்ளையும் கணினியின் கைக்கருவியும் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன.

டிராஃபிகேட்டருக்குக் ‘கைகாட்டி’ என்பதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை. ரயில் பாதையோரத்தில் உயர்ந்த கம்பத்தின் மேல் ஏறி இறங்கும் அந்தச் சட்டத்தைத் தமிழர் கைகாட்டி என்றும் கைகாட்டி மரம் என்றும் அழைத்தார்கள். பாதை பிரியும் இடத்தில் ஊர்ப்பெயர் தாங்கி நிற்கும் பலகைக்கும் அதே பெயர். ஆங்கிலத்தார் அந்த ரயில் சட்டத்துக்கு ‘குறியைத் தாங்குவது’ என்னும் பொருளில், கிரேக்க வேர்களிலிருந்து பிறந்த செமஃபோர் என்னும் பெயரை வைத்தார்கள். தமிழர் கண்ணால் கண்டதையே பெயராக்கினார்கள்: அங்கே ஒரு கை நீள்கிறது, அது கைகாட்டி. ஜெர்மானியரும் காரின் கருவிக்கு இதே வழியில், கையசைத்தல் என்னும் வினையிலிருந்து விங்கர் என்று பெயரிட்டார்கள். ரயிலின் கைகாட்டியும் காரின் கைகாட்டியும் ஒரே முறையில், கையை நீட்டிக் காட்டுபவை என்பதால் சொல் இயல்பாகவே இடம் மாறும்.

மனிதக் கை காட்டுவதைக் ‘கைச்சைகை’ என்பதே சரி. ‘சமிக்ஞை’ என்பது சம்ஞா என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. எழுத்தில் வழங்கினாலும் பேச்சில் சைகைதான் வாழ்கிறது. இன்றைய மின்னும் விளக்குக்கு மட்டும் கைகாட்டி என்ற பெயர் ஒட்டாது, அங்கே கை இல்லை. இத்தாலியர் அந்த விளக்கையும் ‘அம்பு’ என்றே அழைப்பது உண்மைதான். ஆயினும் தமிழில் நாட்காட்டி, வழிகாட்டி என்னும் வரிசை ஆயத்தமாக இருப்பதால், காட்டப்படுவது எதுவோ அதை முன்னால் வைத்துத் ‘திருப்பங்காட்டி’ என்று சொல்வதே தெளிவு. ‘இண்டிகேட்டர் போடு’ என்று இன்று சொல்பவர் ‘திருப்பங்காட்டியைப் போடு’ என்று அதே வினையைக் கொண்டே சொல்லலாம். ‘போடு’ என்பது விளக்குக்கும் விசைக்கும் ஏற்கெனவே பழகிய வினை. கைகாட்டிக்கு அந்த வினை பொருந்தாது. கையைப் போடுவதில்லை, காட்டுகிறோம். பழைய காரில் வலப்புறக் கைகாட்டி எழுந்தது, இடப்புறக் கைகாட்டி மடங்கியது என்றே எழுத வேண்டும்.